தார்ப்பாயைப் பிடித்தவர்கள்

காலை ஆறேகால் மணி இருக்கும். எதிரே ஸ்டூலில், தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்த செல்போன். என் கையில் காபி டம்ளர். செல்போனுக்குள் அமெரிக்காவில் மழை வரப் போகிறது.

ஆட்டக்காரர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். நடுவர் இரண்டு கைகளையும் தூக்கினார். அவ்வளவுதான், ஆடிக்கொண்டிருந்தவர்கள் உள்ளே ஓடினார்கள். வேறு ஆட்கள் வெளியே ஓடி வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே நீல மழைக்கோட்டு, எல்லோருக்கும் மூடிய தலை. அதில் ஒருத்தி என் மகள் கயல்.

நான் எண்ண ஆரம்பித்தேன். டவுன் பஸ்ஸில் முப்பது வருஷத்துக்கு மேல் தலை எண்ணியே காலம் தள்ளிய கண்டக்டர் நான். எண்ணாமல் இருக்க வராது. பதினொரு பேர். மறுபடி எண்ணினேன். பதினொன்றுதான்.

சீசன் தொடங்கியபோது இருபது பேர் இருந்தார்கள். அதே மைதானம், அதே தார்ப்பாய். பாதி ஆட்களைக் காணோம்.

புல்லுக்கு ஒரு படிப்பு

இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்கு என் லட்சணம் தெரியும். நான் பயந்தாங்கொள்ளி. பாலத்தின் மேல் பஸ் ஏறினால் கண்ணை மூடிக்கொண்டு விசில் கொடுத்தவன். அதைப் பற்றிப் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகர், "இவ்வளவு பயத்தோடு எப்படி ஐயா சர்வீஸை முடித்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். பயத்தோடுதான் முடித்தேன். வேறு எப்படி முடிப்பது?

கயல் என்னைப் போல இல்லை. விவசாயம் படித்தாள். அப்புறம் அமெரிக்காவுக்குப் போய் மைதானத்துப் புல்லைப் பற்றி இன்னொரு படிப்புப் படிக்கிறேன் என்றாள்.

என் மனைவி ராஜம் சிரித்துவிட்டாள். "நாம வயல்ல புல்லப் புடுங்கி வரப்புல எறியறோம். இவ அத வளக்கறதுக்குக் கடல் தாண்டிப் போறாளாம்!"

போனாள். படித்தாள். அந்த நாட்டின் நடுவில், பெரிய ஆற்றங்கரை ஊர் ஒன்றில் ஒரு பேஸ்பால் டீமுக்கு மைதானம் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. சம்பளத்துக்கு ஆடுகிற டீம்தான். ஆனால் பெரிய பெரிய நகரத்து டீம்களுக்கு ரொம்பக் கீழே. நம் ஊர் பெயர் எப்படி வெளியூர்க்காரன் வாயில் நுழையாதோ, அந்த ஊர் பெயர் என் வாயில் நுழையாது. பச்சைத் தொப்பி போட்டிருப்பார்கள். ஆகவே எனக்கு அது பச்சைத் தொப்பி டீம்.

"ஆட்டத்த போன்லயே காட்டுவாங்கப்பா. பாருங்க," என்றாள்.

"நீ தெரிவியா?"

"நான் எங்க தெரியப் போறேன்? மழ வந்தாதான் தெரிவேன். மழ வந்தா நாங்கதான் ஓடிப்போயி தார்ப்பாய் இழுத்து ஆடுகளத்த மூடணும்."

அவர்களுக்கு ராத்திரி ஆட்டம், நமக்கு விடிகாலை. நான் தினமும் பல் துலக்கிவிட்டு செல்போன் முன்னால் உட்கார ஆரம்பித்தேன். உட்கார்ந்து, மழை வர வேண்டும் என்று சாமி கும்பிட்டேன். நம் வயலுக்குக்கூட அப்படிக் கும்பிட்டதில்லை.

தோற்கிறவர்களுக்கு ஒரு ரசிகன்

மழைக்காகக் காத்திருந்தவன் ஆட்டத்தில் விழுந்துவிட்டேன். வாரத்துக்கு ஆறு நாள் ஆடுகிறார்கள். எத்தனை நாள்தான் மேகத்தையே பார்ப்பது?

ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவர் ஜமால் பாய். வலங்கைமானில் உரக்கடை வைத்திருக்கிறார். வளைகுடாவில் ஒரு கொரியாக்காரன் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் இருந்தவர். அங்கே வெள்ளிக்கிழமையானால் கொரியா இன்ஜினியர்கள் மணலில் கோடு போட்டு இதைத்தான் ஆடுவார்களாம்.

"நாலு மூலையயும் சுத்தி வீட்டுக்கு, அதான் கெளம்புன எடத்துக்கு, வந்தா ஒரு ரன்னு, கண்டக்டரே. சுத்தி வரணும், அவ்ளோதான்," என்பார்.

எங்கள் டீம்காரர்கள் மூன்று மூலை வரை வருவார்கள். நாலாவதுக்கு வர மாட்டார்கள். அடிக்கிற பந்து நேராக எதிராளி கைக்குப் போகும். பந்து பிடிக்க ஓடும் இரண்டு பேர் ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொண்டு விழுவார்கள். பந்து ஓரமாக உருண்டு போகும். சீ, இதையா பார்க்கிறோம் என்று இருக்கும். மறுநாள் திரும்பவும் உட்காருவேன்.

மேட்டூர் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்து, குறுவை நடவு முடிந்த சமயம். அவர்களுக்கு நடு சீசன். தொடர்ந்து ஒன்பது ஆட்டம் தோற்றார்கள். டீமில் உருப்படியாக அடிக்கிறவன் ஒருத்தன் இருந்தான், செம்பட்டைத் தாடிக்காரன். திடீரென்று ஒருநாள் அவனைக் காணோம். அடுத்த வாரம் வேறொரு டீமின் சிவப்புத் தொப்பியோடு வந்து எங்களையே அடித்தான்.

நான் உரக்கடைக்கு ஓடினேன். "என்ன பாய் இது அநியாயம்? நடுவுல எப்படி ஆள மாத்தலாம்?"

"வித்துட்டாங்க. தோக்கற டீம் அப்படித்தான் செய்யும். இந்த வருஷம் போச்சுன்னு தெரிஞ்சா, இருக்கறத வித்துட்டு அடுத்த வருஷத்துக்குப் பாப்பாங்க."

"சரி, புல்லு பாக்கறவங்கள என்ன செய்வாங்க?"

பாய் யூரியா மூட்டையை நகர்த்தி வைக்கப் போய்விட்டார். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லும் வழக்கம் அவரிடம் கிடையாது.

பதில் அந்த வாரமே தெரிந்தது. கூட்டம் குறைந்ததால் மைதான வேலைக்காரர்களில் நாலு பேரை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் மூன்று பேர். அப்புறம் இன்னும் சிலர். "ஆனா மழ கொறையலப்பா," என்று கயல் சிரித்தாள். தார்ப்பாய் இழுக்க ஆள் போதாமல், டிக்கெட் கவுன்டரில் உட்காருகிறவர்களையும் தின்பண்டம் விற்கிறவர்களையும் ஓடி வரச் சொல்கிறார்களாம். டிக்கெட் கவுன்டர் வால்டர் என்று ஒருத்தர். என்னைவிடக் கொஞ்சம்தான் சின்னவர். மூட்டுவலியோடு ஓடி வருகிறாராம். "அவரும் டிக்கெட் கிழிச்சவருதான்பா, உங்கள மாதிரி."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தார்ப்பாய் கிட்டத்தட்ட அரை ஏக்கர் இருக்கும். காற்று அடியில் புகுந்தால் என்ன ஆகும் என்று காவிரிப் பாசனக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஸ்கோர் கணக்கே வேறு. ஒரு ஆட்டம் போனால் அடுத்த மழைக்கு ஒரு கை குறையும். மழை வர வேண்டும் என்று கும்பிட்டவன், வரவே கூடாது என்று கும்பிட ஆரம்பித்தேன்.

கொள்முதல் நிலையத்து மழை

தார்ப்பாயைப் பற்றி இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும்.

எங்களுக்கு இரண்டு ஏக்கர் நிலம். ஒரு வருஷம் குறுவை அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு முறைக்குக் காத்திருந்தோம். ஐந்தாறு நாள் ஆகிவிட்டது. புரட்டாசி மாதம். கயல் கல்லூரி லீவில் வந்திருந்தாள். மத்தியானச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தவள், என்னோடு நெல் குவியல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

மழைக்கு முன்னால் காற்று வந்தது. களம் முழுக்க ஒரே கூச்சல். ஆளுக்கு ஒரு மூலையாகத் தார்ப்பாயைப் பிடித்து இழுத்தோம். பக்கத்துக் குவியல்காரர் கையிலிருந்து தார்ப்பாய் பிய்த்துக்கொண்டு போய்ச் சாலையோரப் பனைமரத்தில் மாட்டிக்கொண்டது. அந்த மனிதர் நனைகிற நெல்லின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டார். எவ்வளவு நெல்லை ஒரு உடம்பு மூடிவிடும்? எனக்கு இன்றைக்கும் அது கண்ணிலேயே நிற்கிறது.

நான் கயலைப் பார்த்துக் கத்தினேன். "வெறுங்கையால புடிக்காத! கயித்த மணிக்கட்டுல ரெண்டு சுத்து சுத்திக்க! அப்பத்தான் புடுங்காது!"

சுற்றிக்கொண்டாள். எங்கள் தார்ப்பாய் போகவில்லை. நெல் நனையவில்லை. அவள் மணிக்கட்டில் ஒரு வாரம் சிவப்புக் கோடு இருந்தது. டெல்டாவில் எல்லோரும் அப்படித்தான் பிடிக்கிறோம். இங்கே தார்ப்பாய் சின்னது. காற்று நம்மைத் தூக்காது. போனால் நெல்தான் போகும். அதனால் கையை விடக்கூடாது என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த ஒரே பாடம்.

மழைக்குள் ஒரு ஆள்

இப்போது அந்தக் காலைக்கு வருகிறேன்.

பதினொரு பேரில் ஒன்றிரண்டு பேர் பெரிய உருளையைத் தள்ள, மற்றவர்கள் அதிலிருந்து தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். பாதி தூரம் வந்திருப்பார்கள். மழை சாய்வாக விழ ஆரம்பித்தது. திரையில் எல்லாம் மங்கல். யார் கயல் என்று தெரியவில்லை. வழக்கமாக ஓட்டத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவேன், வலது கால் கொஞ்சம் வெளியே வீசும். அன்றைக்கு எல்லா காலும் வழுக்கிக்கொண்டு ஒரே மாதிரிதான் ஓடியது.

காற்று அடியில் புகுந்தது.

தார்ப்பாய் ஒரு ஓரமாக எழும்பியது. ஆள் உயரம், இரண்டு ஆள் உயரம். பிடித்திருந்தவர்கள் கையை விட்டுவிட்டுச் சிதறினார்கள். ஒரே ஒரு ஆள் விடவில்லை. தார்ப்பாய் அந்த ஆளைத் தூக்கியது. ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. கீழே போட்டது. அப்புறம் மொத்தத் தார்ப்பாயும் மடிந்து அந்த ஆளின் மேல் விழுந்தது.

நேர்முக வர்ணனை செய்கிற இரண்டு பேரும் சிரித்தார்கள். இங்கிலீஷ் எனக்கு அரைகுறை, ஆனால் சிரிப்பு புரியும். உடனே விளம்பரம் வந்துவிட்டது. யாரோ ஒரு குடும்பம் சந்தோஷமாகக் கார் வாங்குகிறது.

கயலுக்கு போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டேன். மறுபடியும். ராஜம் அடுப்படியிலிருந்து, "காபி ஆறிடப் போவுது," என்றாள். "ம்" என்றேன். அவளிடம் எப்படிச் சொல்வது? என்னவென்று சொல்வது?

வேண்டிக்கொண்டேன். வேளாங்கண்ணி மாதாவிலிருந்து எங்கள் ஊர் எல்லை அய்யனார் வரை ஒருவரையும் விடவில்லை. தார்ப்பாய்க்கு அடியில் இருப்பது என் பிள்ளையாக இருக்கக்கூடாது. என் பிள்ளையாக இருக்கக்கூடாது. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். பதினொரு பேரில் அவளை எடுத்துவிட்டால் மீதி பத்து பேரில் ஒருவராக இருக்கட்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம். அது அப்போது உறைக்கவில்லை.

உரக்கடையில்

செருப்பைக்கூட மாட்டாமல் சைக்கிளை எடுத்தேன். ஜமால் பாய் கடையை அப்போதுதான் திறந்துகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் சாவியைக் கீழே வைத்துவிட்டார்.

"என்ன கண்டக்டரே, என்னாச்சு?"

சொன்னேன். பாதி அழுகை, பாதி பேச்சு. அவர் தன் போனில் தேடினார். அதற்குள் அந்தத் துண்டு வீடியோ ஊர் சுற்ற ஆரம்பித்திருந்தது. கீழே ஆயிரம் பேர் சிரிக்கும் பொம்மை போட்டிருந்தார்கள். "எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான். முட்டாள், கைய விட வேண்டியதுதானேன்னு," என்றார் பாய்.

வீடியோவை மெதுவாக ஓட்டி, கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்தார்.

"இந்த ஆளு விடாம இல்ல. விட முடியல. கயிறு மணிக்கட்டுல சுத்தியிருக்கு, பாருங்க. ரெண்டு சுத்து."

பார்த்தேன். இரண்டு சுற்று.

கடை வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த நாட்டில் அப்படிப் பிடிக்கிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். சொல்லிக்கொடுத்தது நான்.

பாய் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "இன்ஷா அல்லாஹ் ஒண்ணும் இருக்காது. வாங்க, வீட்டுக்குப் போவோம். தனியா போவாதீங்க," என்றார். கடையைத் திரும்பவும் பூட்டிவிட்டு என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் நான் பேசவில்லை. நடவு முடிந்த வயலில் தண்ணீர் பளபளவென்று நின்றது. அதைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

போன்

வாசலில் இறங்கும்போது போன் அடித்தது. கயல்.

"அப்பா."

குரல் அவளுடையதுதான். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. தெருவிலேயே நின்று, "அம்மாடி, அம்மாடி," என்று உளறினேன். பாய் வானத்தைப் பார்த்து இரண்டு கையையும் ஏந்தினார். ராஜம் ஈரக் கையோடு வெளியே ஓடி வந்தாள். "என்னங்க? என்ன ஆச்சு? ஏன் அழுவுறீங்க?"

போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா. நான் இந்தப் பக்கம் உருளைகிட்ட இருந்தேன். அது வால்டர்." அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "மணிக்கட்டு எலும்பு ஒடஞ்சிடுச்சு. தோள்பட்ட எறங்கிடுச்சு. ஆபரேஷன் பண்ணப் போறாங்க. கை பழையபடி வருமான்னு தெரியாதுன்னு சொல்றாங்க."

"ஐயோ பாவம்," என்றேன். நெஞ்சுக்குள் ஒரு பக்கம் குளிர்ந்துதான் இருந்தது. மறைத்து என்ன ஆகப் போகிறது?

"அப்பா, நான்தான் சொல்லிக்குடுத்தேன்."

"என்னது?"

"கயித்த சுத்திக்கறத. அவருக்குக் கை வழுக்குது, புடிக்க முடியலன்னு போன வாரம் கேட்டாரு. நீ எப்படிப் புடிக்கறன்னு கேட்டாரு. எங்க ஊருல இப்படித்தான்னு சுத்திக் காட்டினேன். காத்தடிச்சா விட்டுடணும்ங்கறதுதான் இங்க ரூல். எனக்குத் தெரியும்பா. தெரிஞ்சும் பழக்கத்துல காட்டிட்டேன்."

நான் ஜமால் பாயைப் பார்த்தேன்.

"அவரு சம்சாரம் ஆஸ்பத்திரில இருக்காங்க. நானும் இங்கதான் இருக்கேன். அவங்க போன்ல அந்த வீடியோவப் பாத்துக்கிட்டே இருக்காங்க. ஏன் கைய விடல, ஏன் விடலன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. யாருக்கும் காரணம் தெரியல. நான் போயி சொல்லட்டுமாப்பா?"

சொன்னால் என்ன ஆகும் என்று எனக்கு ஒரு நொடியில் ஓடிவிட்டது. டீம் தோற்றுக்கொண்டிருக்கிறது. யாரை நிறுத்தலாம் என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள். வேலை போனால் அந்த நாட்டில் இருக்க முடியாது. கேஸ் போட்டால்? போலீஸ் வந்தால்? அவ்வளவு தூரத்தில் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

"சொல்லாத," என்றேன்.

"அப்பா..."

"யாராவது கேட்டாங்களா? கேக்கலல்ல? அப்புறம் நீயா எதுக்குப் போயி தலையக் குடுக்குற? பேசாம ரூமுக்குப் போ. நாலு நாள்ல எல்லாரும் மறந்துருவாங்க."

ஜமால் பாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராஜம் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். அவளுக்கு அதுவரை ஒன்றுமே தெரியாது. இந்த ஐந்து நிமிஷத்தில் காதில் விழுந்ததுதான்.

"கயலு, போயி சொல்லு. இப்பவே போ. ஊரே சிரிக்கிது, எம்புருஷன் முட்டாள்னு அந்தப் பொம்பள நெனச்சுக்கிட்டு இருப்பா. அவரு முட்டாள் இல்ல, சொல்லிக்குடுத்தபடி புடிச்சாருன்னு சொல்லு. திட்டுனா வாங்கிக்க. வேல போனா வந்துடு. இங்க சோறு இருக்கு."

"சரிம்மா," என்று கேட்டது. வைத்துவிட்டாள்.

அன்று பகல் முழுக்க நான் ராஜத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. அவளும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

சாயங்காலம் ஏழு மணிக்குக் கயல் கூப்பிட்டாள். அங்கே விடிந்திருந்தது. வால்டர் கண் விழித்துவிட்டார். மேலதிகாரியிடமும் அவளே போய்ச் சொல்லிவிட்டாள். விசாரணை முடிகிற வரைக்கும் வேலைக்கு வர வேண்டாம் என்றிருக்கிறார்கள். அதற்கப்புறம் என்ன என்று அவளுக்கும் தெரியவில்லை. இதை எழுதுகிற இன்றைக்கு வரை தெரியவில்லை.

"அந்தம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள் ராஜம்.

"கோவமாத்தான் இருந்தாங்க. அப்புறம், யாருமே கேக்காதப்ப நீயா வந்து ஏன் சொல்றேன்னு கேட்டாங்க. எங்கப்பாவும் அம்மாவும்தான் போயி சொல்லுன்னு அனுப்புனாங்கன்னு சொன்னேன். அதக் கேட்டதும் அழுதுட்டாங்க. உங்கப்பாவுக்கு நான் நன்றி சொன்னேன்னு சொல்லுன்னாங்க."

ராஜம் போனை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கி, "நான் எங்கேம்மா சொல்லச் சொன்னேன்?" என்றேன்.

"விடுங்கப்பா. அவங்களுக்குத் தெரியவா போகுது," என்றாள் என் மகள்.

அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. இந்தப் பத்திரிகை அவர் கைக்குப் போகப் போவதில்லை. ஆனாலும் எழுதி வைக்கிறேன். நான் சொல்லச் சொல்லவில்லை. வேண்டாம் என்றுதான் சொன்னேன்.